கிசான் பணம் யாருக்கு வருகிறது: உழுகிறவருக்கா, பட்டாக்காரருக்கா?

நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய், ஆண்டுக்கு 6,000. மதுரை வட்டாரக் கிராமங்களில் ‘கிசான் பணம்’ என்று சொல்வது இதைத்தான். முழுப்பெயர் பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி. 2019 பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தார்கள். முதல் தவணை அதே மாதம் 24-ம் தேதி போனது. 21-வது தவணையைப் பிரதமர் 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூருக்கு வந்து வெளியிட்டார். அன்றைக்கு நாடு முழுக்க சுமார் 9 கோடி விவசாயிகளுக்கு ஏறக்குறைய 18,000 கோடி ரூபாய் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு பெரிய திட்டத்தின் மேல் ஏன் இவ்வளவு மனக்குறை? வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். ஒரு தவணைகூட வராதவர்கள் இருக்கிறார்கள். வந்தாலும் எந்த மூலைக்குக் காணும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். இந்தத் திட்டம் விவசாயம் செய்கிற ஆளைப் பார்ப்பதில்லை, நிலப் பதிவேட்டில் இருக்கிற பெயரைப் பார்க்கிறது. ஏன் அப்படி அமைத்தார்கள் என்று புரிய வேண்டுமானால், ‘வருமான ஆதரவு’ என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வருமான ஆதரவு என்றால் என்ன?

அரசு ஒரு விவசாயிக்கு உதவ நினைத்தால் மூன்று வழி இருக்கிறது. சாகுபடிச் செலவைக் குறைக்கலாம்: உர மானியமும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரமும் இந்த வகை. 50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய்க்குக் கிடைப்பது மானியத்தால்தான். அடுத்து, விளைந்ததற்கு விலை உறுதி தரலாம். நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்வது அப்படிப்பட்டது. மூன்றாவது வழி, கையில் பணமாகவே கொடுத்துவிடுவது. இதற்குத்தான் வருமான ஆதரவு என்று பெயர்.

மூன்றாவது வழியைப் பொருளாதார அறிஞர்கள் பலருக்குப் பிடிக்கும். காரணமில்லாமல் இல்லை. விலை உறுதியால் பலன் பெற, விற்க நெல் வேண்டும். நெல் விளைய வாய்க்கால் தண்ணீர் வேண்டும். பேரையூர், தே.கல்லுப்பட்டி பக்கம் கரிசல் காட்டில் வானத்தைப் பார்த்துக் குதிரைவாலியும் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவருக்கு நெல் கொள்முதல் நிலையத்தால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. இலவச மின்சாரமும் அப்படித்தான், கிணறும் மோட்டாரும் இருந்தால்தான் அது உதவி. பணமாகக் கொடுத்தால் மானாவாரிக்காரருக்கும் போகும், இருபோகக்காரருக்கும் போகும். நடுவில் ஆள் இல்லாமல் நேராக வங்கிக் கணக்கில் ஏறும். இன்ன பயிர்தான் போட வேண்டும் என்று யாரையும் தள்ளாது. விளைச்சலோடும் விலையோடும் ஒட்டாத இப்படிப்பட்ட உதவிக்கு உலக வணிக அமைப்பின் விதிகளிலும் உச்சவரம்பு இல்லை.

இதெல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. என்ன விதைத்தாய், எவ்வளவு விளைந்தது, என்ன விலைக்குப் போட்டாய் என்று எதையும் கேட்கப்போவதில்லை என்றால், யார் விவசாயி என்று எதை வைத்து முடிவு செய்வது? அரசின் கையில் தயாராக இருந்தது நிலப் பதிவேடு. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் விவசாயி என்று வைத்துக்கொண்டார்கள்.

யார் உள்ளே, யார் வெளியே

முதலில் 2 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 5 ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றுதான் திட்டம் வந்தது. 2019 ஜூனிலிருந்து அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது 30 சென்ட் வைத்திருப்பவருக்கும் 30 ஏக்கர் வைத்திருப்பவருக்கும் அதே 6,000 ரூபாய்தான்.

பணம் ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். ஆகவே கணவன் பெயரில் ஒரு பட்டா, மனைவி பெயரில் ஒரு பட்டா இருந்தாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அதே சமயம், மகன் அரசு வேலையில் இருப்பதால் அப்பாவுக்கு வராது என்று பலர் நினைப்பது சரியல்ல. 18 வயது தாண்டிய மகன் தனிக் குடும்பம். அவர் உத்தியோகம் அப்பாவின் தகுதியைப் பாதிக்காது. இது தெரியாமலேயே விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு.

வெளியே நிற்பவர்கள்: அரசு ஊழியர்கள் (கடைநிலை ஊழியர் தவிர), மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர்கள், எம்எல்ஏ, எம்பி போன்ற பதவிகளில் இருந்தவர்களும் இருப்பவர்களும், தொழில் செய்கிற மருத்துவர், வக்கீல், பொறியாளர், ஆடிட்டர் ஆகியோர், கடைசி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்கள். நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலத்துக்கும் கிடையாது. இந்தக் கடைசி விதி சும்மா சேர்த்த மாதிரி தெரியும். மதுரைப் பக்கம் அது எத்தனை பேரை வெளியே தள்ளுகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு விதி தேதி சம்பந்தப்பட்டது. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு பெயர் மாறியிருந்தால் கிடையாது, நிலக்காரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. ஒரு பெரியவர் 2021-ல் உடம்புக்கு முடியாமல் நிலத்தை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரில் இனி நிலம் இல்லை, அதனால் அவருக்கு வராது. மகனுக்கு வந்தது 2019-க்குப் பிறகு, அதுவும் அப்பா உயிரோடு இருக்கும்போதே வந்தது, அதனால் அவருக்கும் வராது. அதே நிலம், அதே வீடு, அதே உழவு. பணம் மட்டும் நின்றுவிடும். எந்தத் தப்பும் செய்யாத குடும்பத்துக்கு இப்படி நேர்வதை யாராலும் நியாயப்படுத்த முடியாது.

பட்டா ஒருவரிடம், பாடு இன்னொருவரிடம்

இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

நம் பக்கத்துக் கிராமங்களில் நிலம் வைத்திருக்கும் எத்தனையோ பேர் சென்னையிலும் திருப்பூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். நிலத்தை விற்க மனசு வராது, ஊரில் இருந்து செய்யவும் முடியாது. பங்காளிக்கோ பக்கத்துக் காட்டுக்காரருக்கோ விட்டுவிட்டுப் போவார்கள். சிலர் பணமாகக் குத்தகை பேசுவார்கள், சிலர் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விடுவார்கள், சிலர் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒத்திக்குக் கொடுப்பார்கள். பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான், எழுத்து இருக்காது. உழுவது, நாற்றுப் பாவுவது, உரத்துக்குக் கடன் வாங்குவது, மழையில் நெல் சாய்ந்தால் தலையில் கை வைப்பது எல்லாம் குத்தகைக்காரர். 2,000 ரூபாய் ஏறுவது பட்டாக்காரர் கணக்கில். நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தாலும் ஏறும். விதைத்தாயா என்று கேட்காத திட்டம் விதைக்காதவரையும் கேட்காது அல்லவா?

மல்லிகைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊருக்கே பெருமை. அந்தப் பூவை விடியுமுன் குனிந்து பறித்து மாட்டுத்தாவணிக்கு அனுப்புகிறவர்களில் 50 சென்ட், 1 ஏக்கர் என்று குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பொங்கலை ஒட்டிப் பூ விலை கிலோ ஆயிரங்களைத் தொடும், ஆனால் பனியில் செடியில் பூ இருக்காது. வரத்து கொட்டும் மாதத்தில் பறிகூலிக்கே கட்டாது. வருமானம் இப்படி ஏறி இறங்குகிறவருக்குத்தான் வருமான ஆதரவு வேண்டும். கையில் பட்டா இல்லாததால் அவர் கணக்கிலேயே இல்லை.

அப்புறம் கோயில் நிலம். மேலே சொன்ன ‘நிறுவனத்தின் பெயரில் உள்ள நிலம்’ இதுதான். மதுரையைச் சுற்றிக் கோயில்களுக்குச் சொந்தமான நன்செய் நிறைய உண்டு. தாத்தா காலத்திலிருந்து குத்தகை கட்டி அதே வயலில் நட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் பட்டா சுவாமி பெயரில் இருக்கிறது. ஆகவே மூன்று தலைமுறையாக உழுதவருக்குப் பிரதமர் திட்டத்தின் கண்ணில் நிலமில்லை.

பெண்களையும் இங்கே சொல்ல வேண்டும். கணவர் வெளியூரில் கூலிக்குப் போயிருக்க, நாற்று நடுவதிலிருந்து களம் வரை பார்ப்பது மனைவி. பட்டா கணவர் பெயரில், வங்கிக் கணக்கு கணவர் பெயரில், பணம் வந்த எஸ்எம்எஸ் அவருடைய போனுக்கு.

குத்தகையைப் பதிவு செய்துவிட்டால் தீராதா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் குத்தகைதாரரின் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று 1955-லேயே பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. குத்தகைதாரரைக் காக்க வந்த அந்தச் சட்டங்களே இப்போது எழுத்துக்குத் தடையாகிவிட்டன. பதிவில் பெயர் ஏறினால் நிலம் திரும்பி வராது என்று பட்டாக்காரர் பயப்படுகிறார். எழுதிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரர் பயப்படுகிறார். இரண்டு பயமும் உண்மையானவை. இந்தப் பயத்தைத் தீர்க்காமல் ‘ஆவணம் கொண்டு வா’ என்று குத்தகைக்காரரிடம் கேட்பது அநியாயம்.

பட்டா இருந்தும் ஏன் நிற்கிறது?

பட்டா உள்ளவருக்காவது ஒழுங்காக வருகிறதா? அங்கேயும் தொல்லை உண்டு. ஒரு தவணை ஏற வேண்டுமானால் நான்கு பதிவுகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்: ஆதார், நிலப் பதிவேடு, வங்கிக் கணக்கு, திட்டத்தின் இணையப் பதிவு. நான்கும் நான்கு இடத்தில், நான்கு காலத்தில், வேறு வேறு ஆள் தட்டச்சு செய்தவை.

நம் பெயர் எழுதும் வழக்கம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. பழைய பட்டாவில் ‘பெரியகருப்பன் மகன் முத்தையா’ என்று இருக்கும். ஆதாரில் இனிஷியலோடு ‘முத்தையா பெ’ என்று இருக்கும். வங்கியில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருக்கும். ஊருக்கே தெரியும் மூன்றும் ஒரே ஆள் என்று. கணினிக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய தலைவலி பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது. அண்ணன் தம்பிகள் வாய்ச்சொல்லில் பிரித்து வரப்பு போட்டு, முப்பது வருடமாகத் தனித்தனியாகச் செய்துகொண்டிருப்பார்கள். காகிதத்தில் எதுவும் மாறியிருக்காது. பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், எல்லாப் பங்காளியும் ஒத்துவர வேண்டும், உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். விதிப்படி கூட்டுப் பட்டாவில் பெயர் உள்ள தகுதியான ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே 6,000 ரூபாய் உண்டு. ஆனால் பெயர் ஏறினால்தானே?

ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்க்கும் இ-கேஒய்சி வந்தபோது வயதானவர்கள் பட்ட பாடு தனி. ஓடிபி வர ஆதாரோடு இணைத்த போன் எண் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் கைரேகை. ஆயுசு முழுக்க மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். விவசாயி என்று நிரூபிக்கப் போன இடத்தில் விவசாயம் செய்த கையே தடையாக நின்றது. 2023-ல் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி செல்போன் செயலியில் வந்த பிறகுதான் இது கொஞ்சம் இளகியது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2020-ல் தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் பெரிய மோசடி வெளியானது. விவசாயிகளே தாங்களாகப் பதிவு செய்யலாம் என்று இருந்த வசதியையும் அலுவலகக் கடவுச்சொற்களையும் பயன்படுத்தி, தகுதியே இல்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் அதிகம். தொகை சுமார் 110 கோடி ரூபாய். சிபிசிஐடி விசாரணை நடந்தது, கைதுகள் நடந்தன, பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள். அதன்பின் சரிபார்ப்பு கடுமையானது. திருட்டைத் தடுக்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் புதிதாகப் போட்ட ஒவ்வொரு பூட்டையும் திறக்க அலைந்தவர் ஒழுங்காக வாங்கிக்கொண்டிருந்த சிறு விவசாயி.

பணத்தின் அளவு

6,000 ரூபாய் 2019-ல் முடிவு செய்த தொகை. இன்றுவரை ஒரு ரூபாய் ஏறவில்லை. மாதத்துக்கு 500. ஒரு தவணையில் ஒரு மூட்டை டிஏபியும் இரண்டு மூட்டை யூரியாவும் வாங்கலாம், பொட்டாஷுக்குக் காணாது.

விலையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். மாநில அரசின் ஊக்கத்தொகை சேர்ந்து சாதாரண ரக நெல்லின் கொள்முதல் விலை 2024-25 பருவத்தில் குவிண்டாலுக்கு 2,405 ரூபாய், 2025-26 பருவத்தில் 2,500 ரூபாய். கூடியது 95 ரூபாய்தான். ஏக்கருக்கு 25 குவிண்டால் எடுக்கிறவருக்கு அந்த 95 ரூபாயே 2,375 ரூபாய் ஆகிறது, ஒரு கிசான் தவணையைவிட அதிகம். மறுபக்கமும் பாருங்கள். அதே 25 குவிண்டால் 40 கிலோ சிப்பமாக 62-க்கு மேல் வரும். எடை போடும் இடத்தில் சிப்பத்துக்கு 30 ரூபாய் கைவிட்டுப் போனால் 1,860 ரூபாய் போயிற்று, கிட்டத்தட்ட ஒரு தவணை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல் திறந்தவெளியில் கிடந்து ஒரு மழை வாங்கினால் ஆண்டு முழுப் பணமும் அதோடு சரி. ‘விலையைக் கொடுங்க, கிசான் பணம் தரலன்னாலும் பரவால்ல’ என்று விவசாயிகள் சொல்வது கோபத்தில் வரும் வார்த்தை இல்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள்.

வரும் நேரமும் ஒரு குறை. பெரியாறு-வைகைப் பாசனத்தில் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பகுதிக்கு வழக்கப்படி ஜூனில் தண்ணீர் திறக்க வேண்டும், மேலூர் பக்கத்து ஒருபோகத்துக்குச் செப்டம்பரில். நாற்றங்காலுக்கு முன்னால் கையில் காசு இருந்தால் வட்டிக்கு வாங்கும் தொகை குறையும். 2025-ல் ஏப்ரல் முதல் ஜூலை வரைக்கான தவணை ஆகஸ்ட் 2 அன்றுதான் வந்தது.

அதற்காக இந்தப் பணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஒரு சராசரி விவசாய நிலம் 0.75 ஹெக்டேர்தான், இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவில் செய்கிறவருக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் வரும் 2,000 ரூபாய்க்கு மதிப்பு உண்டு. அதனால்தான் நின்றுபோனால் இவ்வளவு வலிக்கிறது.

வேறு மாதிரி செய்ய முடியாதா?

தெலங்கானா 2018-ல் ரயத்து பந்து என்று ஆரம்பித்து, பருவத்துக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் கொடுத்தது. தொகை பெரிது. ஆனால் அங்கேயும் நிலக்காரருக்கு மட்டும்தான், அதிலும் ஏக்கர் கூடக் கூடப் பணம் கூடியது. ஒடிசாவின் காலியா திட்டம் வேறு பாதையில் போய், வாரத்துக்குச் செய்பவர்களையும் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்தது. 2024 டிசம்பரில் வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் தொகையை 12,000 ஆக்க வேண்டும், குத்தகை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

யார் விதைத்திருக்கிறார் என்பதற்கு ஆவணமே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கு அந்த அடங்கலை வைத்துக் குத்தகைக்காரரும் பதிய முடிகிறது. ஒரு மத்திய அரசுத் திட்டம் ஏற்றுக்கொள்ளும் ஆளை இன்னொரு மத்திய அரசுத் திட்டம் ஏன் விவசாயி இல்லை என்கிறது? 2025 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுத்து வருகிறார்கள். அதுவும் பட்டாவை ஆதாரோடு கட்டும் வேலைதான். இனி எல்லா உதவியும் அந்த எண்ணின் வழியாகத்தான் என்று ஆகும்போது, குத்தகைக்காரருக்கு அதில் ஓர் இடம் வைக்காவிட்டால் இன்றைக்கு ஒரு திட்டத்தில் இருக்கும் ஓட்டை நாளைக்கு எல்லாத் திட்டத்திலும் இருக்கும்.

பணம் நின்றிருந்தால்

முதலில் திட்டத்தின் இணையதளத்தில் ‘பயனாளி நிலை’ என்ற பக்கத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள், அல்லது இ-சேவை மையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இ-கேஒய்சி, நில விவர இணைப்பு, ஆதார்-வங்கி இணைப்பு மூன்றுக்கும் ஆம், இல்லை என்று காட்டும். எது ‘இல்லை’யோ அதற்குரிய இடத்துக்குப் போனால் போதும். நிலம் என்றால் வேளாண் விரிவாக்க மையத்தின் உதவி வேளாண்மை அலுவலர், பட்டாப் பெயர் என்றால் வருவாய்த் துறை, வங்கி என்றால் வங்கி. மூன்றும் ‘ஆம்’ என்று இருந்தும் காணோம் என்றால், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்கைப் பாருங்கள். நூறு நாள் வேலைக்கோ நகைக்கடனுக்கோ என்றைக்கோ திறந்து மறந்த கணக்கில் பல தவணை சேர்ந்து கிடப்பது உண்டு. புகாருக்கு 155261 என்ற எண் இருக்கிறது. வருமான வரி கட்டியதாகச் சொல்லி நிறுத்தியிருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்ததும் வரி கட்டியதும் ஒன்றல்ல என்பதை எழுத்தில் எடுத்துச் சொல்லுங்கள். விதி சொல்வது கட்டியவர்களை.

குத்தகைக்குச் செய்கிறவர்களுக்கு இன்றைய நிலையில் கிசான் பணம் இல்லை. பயிர்க் காப்பீட்டையாவது விடாதீர்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் விவசாயி கட்டுவது 1.5 சதவீதம்தான். விதைத்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, கடைசித் தேதிக்குக் காத்திருக்காமல் பதிந்துவிடுங்கள். பதியும்போது சர்வே எண்ணையும், கொடுத்த வங்கிக் கணக்கு நிலக்காரருடையதாக இல்லாமல் உங்களுடையதுதானா என்பதையும் ரசீதில் பார்த்துவிட்டு அங்கிருந்து கிளம்புங்கள்.